ஏழும் எட்டும் இடம் மாறின

மயிலாப்பூர்,
12-2-1996

ஜவஹர் அவர்களுக்கு,

கோதண்டபாணி எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். நமக்குள் பேச்சு நின்று பதினேழு மாதம் ஆகிறது. நீங்கள் திருச்சி கிளைக்குப் போன பிறகு நானும் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. இப்போதும் நலம் விசாரிக்க எழுதவில்லை.

இங்கே தலைமை ஆபீசில் நம் ஸ்டாக் செக்ஷனுக்கும் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. எந்தக் கிளைக்கு எத்தனை பம்ப்செட் போனது, உதிரி பாகம் எவ்வளவு மிச்சம், எல்லாம் இனி அதில்தான். இருபத்தேழு வருடமாக நான் எழுதிய ரெஜிஸ்டர்களைக் கட்டி பரணில் போடச் சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் பன்னிரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள், தி.நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடியில். பிறகு பரீட்சை. இரண்டு தடவை உட்கார்ந்தேன், இரண்டிலும் தேறவில்லை. மே மாதக் கடைசிக்குள் தேறாதவர்களைச் செங்குன்றம் கிடங்குக்கு மாற்றுவதாக நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். இங்கிருந்து அங்கே போக மூன்று பஸ் மாற வேண்டும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது.

1991-ல் நீங்கள் யூனியன் செயலாளர். ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு, "அந்த மெஷினை ஒருத்தன் தொட்டா நாலு பேர் வேலை போகும், யாரும் தொடக்கூடாது" என்றீர்கள். நாங்கள் கை தட்டினோம். மறு வருடம் நிர்வாகம் ஆறு பேரைப் பயிற்சிக்குக் கூப்பிட்டது. முதல் பெயர் என்னுடையது. உங்களிடம் வந்து கேட்டேன். "போகாதே கோதண்டம், நீ போனா மத்தவனும் போவான்" என்றீர்கள். போகவில்லை. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு. கண்ணும் இவ்வளவு மோசமில்லை.

1994-ல் நிர்வாகத்தோடு நீங்களே ஒப்பந்தம் போட்டீர்கள். அடுத்த மாதம் திருச்சி கம்ப்யூட்டர் பிரிவுக்கு மேற்பார்வையாளராகப் போய்விட்டீர்கள்.

இங்கே என்னை மண்டு என்கிறார்கள். என் காது படச் சொல்வதில்லை, அவ்வளவுதான். உன் பேச்சைக் கேட்டவன் மண்டு, அதைச் சொன்னவன் மேற்பார்வையாளன். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. உன்னை விட்டால் வேறு யாரிடம் சொல்வது?

'உன்' என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மனமில்லை. இருக்கட்டும்.

கோதண்டபாணி


திருச்சி,
20-2-1996

அன்புள்ள கோதண்டம்,

உன் கடிதம் கிடைத்தது. கோபமாகவாவது எழுதினாயே.

காலம் மாறும்போது போராட்டத்தின் வடிவமும் மாறும். 91-ல் நாம் எதிர்த்ததால்தான் 94-ல் ஒருவரையும் வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று நிர்வாகம் கையெழுத்துப் போட்டது. திருச்சிப் பதவியை நான் கேட்டு வாங்கவில்லை. என்னைச் சென்னையிலிருந்து அப்புறப்படுத்தக் கொடுத்தார்கள். நீ நம்பினால் நம்பு.

கம்ப்யூட்டரில் ஒரு கஷ்டமும் இல்லை. நம் வயதுக்காரர்களுக்குப் பயம்தான் காரணம். மனதை வைத்தால் தானாக வரும். உனக்கு எந்த இடத்தில் தடுக்கிறது என்று விவரமாக எழுது. வகுப்பில் என்னென்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் எழுது. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன்.

வீட்டில் தங்கபுஷ்பத்துக்கும் மகள் மதுமதிக்கும் என் விசாரிப்பு.

ஜவஹர்


மயிலாப்பூர்,
4-3-1996

ஜவஹர்,

மனதை வைத்தால் வரும் என்று நீயும் எழுதிவிட்டாய். எங்கள் மேனேஜரும் அதைத்தான் சொல்கிறார். மனதை எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லக் காணோம்.

கேட்டாய், சொல்கிறேன். ஆபீஸ் விட்டு, 12பி பஸ் பிடித்து, பனகல் பார்க்கில் இறங்கி, சேலைக் கடைக் கூட்டத்துக்குள் இடித்துப் பிடித்துக்கொண்டு அந்த மாடிக்குப் போனால் மணி ஆறேகால். குளிர்சாதன அறை. செருப்பை வெளியே விட வேண்டும். நாலு பேருக்கு ஒரு மெஷின். சின்ன வயசுக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்கள். நான் பின்னால் நிற்பேன். என் கண்ணாடியில் கிட்டப் பார்வை கீழ்ப் பாதியில் இருக்கிறது. திரையில் அந்தப் பச்சை எழுத்தைப் படிக்கத் தலையை அண்ணாந்து மோவாயைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் பிடரி இரும்பாகிவிடும்.

சொல்லிக்கொடுத்தவன் சுஹாஸ் என்று ஒரு பையன். கெட்டவன் இல்லை. அவனுக்கு அவசரம். இங்கே முடித்துவிட்டு எட்டரைக்கு அசோக் நகரில் இன்னொரு வகுப்பு. இதை அமுக்குங்க, அதை அமுக்குங்க என்று மடமடவென்று சொல்வான், பாதி இங்கிலீஷ். ஏன் அமுக்க வேண்டும் என்று சொல்ல மாட்டான். நான் ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், "இருங்க சார், நான் பண்ணிடறேன்" என்று என் கைக்கு மேலே கையை விட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவான். பன்னிரண்டு நாளில் நான் தட்டியது மொத்தம் அரை மணி இருக்காது.

டைப்பிஸ்ட் வஜீஹாவை ஞாபகம் இருக்கிறதா? நிமிஷத்துக்கு அறுபது வார்த்தை அடிப்பவள். அவளுக்கும் வரவில்லை என்றால் நம்புவாயா? அவளுடைய பழைய டைப்ரைட்டரில் ஒன்று என்கிற எண்ணுக்குத் தனி கீ கிடையாது. இங்கிலீஷ் சின்ன 'எல்'லைத்தான் ஒன்றாக அடிப்பார்கள். இருபது வருடப் பழக்கம், இதிலும் 'எல்'லை அடித்தாள். பதினோரு பம்ப்செட் என்று அடித்தால் மெஷின் ஏற்க மாட்டேன் என்கிறது. திரையில் பார்த்தால் சரியாகத்தான் தெரிகிறது. பத்து தடவை அடித்தாள். சுஹாஸ் வந்து எல்லார் முன்னாலும், "மேடம், இது டைப்ரைட்டர் இல்ல, கொஞ்சம் மூளையையும் யூஸ் பண்ணுங்க" என்றான். அவள் எழுந்து பாத்ரூமுக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

வகுப்பு முடிந்த பிறகு பழகிப் பார்க்கலாம் என்றால் ஆபீசில் அந்த அறை பூட்டியே இருக்கிறது. தேறியவர்கள் மட்டும் தொடலாம். தொட்டால்தானே தேற முடியும்? இதை மேனேஜரிடம் கேட்டேன். "கோதண்டபாணி, நீங்க இன்னும் யூனியன் பாஷையே பேசறீங்க" என்றார்.

நீ எப்படிக் கற்றாய்? யார் சொல்லித் தந்தார்கள்? எத்தனை நாள் ஆயிற்று? அதை எழுது, எனக்கு உபயோகமாக இருக்கும்.

கோதண்டபாணி


திருச்சி,
16-3-1996

கோதண்டம்,

இங்கே மார்ச் மாத வேலை கழுத்தைப் பிடிக்கிறது. விவரமாக எழுத நேரமில்லை.

ஒன்று செய். மாதக் கடைசியில் ஸ்டாக்கை முடித்து, புது மாதம் தொடங்குவது எப்படி என்று வகுப்பில் சொல்லியிருப்பார்களே, அதை மட்டும் வரி வரியாக எழுதி அனுப்பு. பரீட்சையில் அதுதான் முக்கியம். நான் சரிபார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் அனுப்பினால் நல்லது.

ஜவஹர்


மயிலாப்பூர்,
22-3-1996

ஜவஹர்,

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. போகட்டும்.

ஒரு நல்ல சேதி. அட்டெண்டர் வெள்ளைச்சாமி பெருக்குவதற்காகக் காலை ஏழரைக்கு அந்த அறையைத் திறக்கிறார். "நான் பெருக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆவும் சார். நீங்க உள்ள இருந்தா எனக்கென்ன?" என்றார். பத்து நிமிஷத்தில் பெருக்கிவிடலாம். எங்களுக்காகத்தான் ஒரு மணி ஆக்குகிறார். வஜீஹா ராயப்பேட்டையிலிருந்து நடந்தே வந்துவிடுகிறாள். அவளுக்குக் கீ தெரியும், எந்தக் கட்டத்தில் என்ன வர வேண்டும் என்று தெரியாது. எனக்குக் கட்டம் தெரியும், கீ தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளாகிறோம். ஆனால் மாதம் முடிப்பதை மட்டும் தொட்டுப் பார்க்கப் பயம். அது நிஜமான ஸ்டாக்.

நீ கேட்டதைப் பத்து வரியாகத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். வகுப்பில் அவசரமாக எழுதியது. ஏழாவதும் எட்டாவதும் எனக்குக் கொஞ்சம் குழப்பம். 'ஏழு: மாதம் முடி என்பதற்கு ஆம் என்று கொடு, பழைய மாதப் பதிவு நீங்கும். எட்டு: ஃபிளாப்பியைச் செருகி மாதப் பதிவை அதில் நகல் எடு.' இது சரிதானா, பார்த்துச் சொல்.

கோதண்டபாணி


திருச்சி,
30-3-1996

கோதண்டம்,

பார்த்தேன். பத்து வரியும் சரி. இப்படியே எழுது, தேறிவிடுவாய்.

தாளை நகல் எடுத்துக்கொண்டு அசலை இதோடு அனுப்பியிருக்கிறேன்.

ஜவஹர்


மயிலாப்பூர்,
சனிக்கிழமை, 6-4-1996

ஜவஹர்,

இப்போதுதான் லஸ் தபால் ஆபீசில் உனக்குத் தந்தி கொடுத்துவிட்டு வந்தேன். எஸ்.டி.டி. பூத்திலிருந்து உங்கள் ஆபீசுக்கு ஆறு தடவை போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

காலையில் நீ சரிபார்த்த தாளை வஜீஹாவிடம் காட்டினேன். படித்துக்கொண்டே வந்தவள் ஏழாவது வரியில் நின்றுவிட்டாள். "சார், ஏழுலயே பழைய மாசம் அழிஞ்சிடுது. அப்புறம் எட்டுல எதை நகல் எடுப்பீங்க?" என்றாள். நகல் எடுத்த பிறகுதான் அழிக்க வேண்டும். இரண்டையும் நான் மாற்றி எழுதிவிட்டேன். ரெஜிஸ்டரில் ஒரு பக்கக் கூட்டலை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகாமல் அந்தப் பக்கத்தை நான் கிழிப்பேனா? என்ன செய்கிறோம் என்று தெரிந்திருந்தால் வரிசை மாறியே இருக்காது. எதை அமுக்குவது என்று மட்டும்தான் எங்களுக்குச் சொன்னார்கள்.

நான் தவறியது இருக்கட்டும். நீ பார்த்தாயே. ஒன்றரை வருடமாக மாதாமாதம் இதைச் செய்கிறவன் எப்படி 'பத்து வரியும் சரி' என்று எழுதினாய்? நகல் எதற்கு எடுத்துக்கொண்டாய்?

இதற்கு நான் நினைப்பது பதிலாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன். அந்தத் தாளைத் தொடாதே.

கோதண்டபாணி


திருச்சி,
11-4-1996

கோதண்டம்,

தந்தி திங்கள்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் ஆபீசுக்குத் தனியாகப் போய் எல்லாவற்றையும் முடித்திருந்தேன்.

நீ நினைத்ததுதான். எனக்குத் தெரியாது. ஒன்றும் தெரியாது. இங்கே வந்த முதல் வாரம் ஒரு பையன் இரண்டு நாள் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நான் மேற்பார்வையாளன். எனக்குக் கீழே தினக்கூலிக்கு வர்ஷினி என்று ஒரு பெண், இருபது வயது. எல்லாவற்றையும் அவள்தான் செய்தாள். நான் பின்னால் நின்று, "ம், சரி, அடுத்தது" என்பேன். மேனேஜர் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்து திரையை முறைப்பேன். சென்னையில் நீ நின்று பார்த்தாய். நான் உட்கார்ந்து பார்த்தேன், அதுதான் வித்தியாசம்.

அவளுக்கு மதுரையில் அக்கா கல்யாணம். மார்ச் பதிவு முழுவதையும் ஏற்றிவிட்டு இருபத்தொன்பதாம் தேதி கிளம்பினாள். "மாசத்தை நீங்களே முடிச்சிடுவீங்கல்ல சார்?" என்று கேட்டாள். கேட்ட விதத்திலேயே, என் நிலைமை அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்றேன். அவளிடமே கேட்டிருக்கலாம். ஒன்றரை வருடம் கழித்து ஒரு சின்னப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது? அதனால்தான் உன்னிடம் எழுதி வாங்கினேன், ஒரு மேற்பார்வையாளன் சரிபார்ப்பதுபோல.

ஏழாவது வரியைச் செய்தேன். திரையில் மார்ச் போய் ஏப்ரல் வந்தது. எட்டாவதைச் செய்தேன். ஃபிளாப்பியில் ஒன்றுமே இல்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் ஊரிலிருந்து திரும்பி வந்தவளை மேனேஜர் கூப்பிட்டார். "இதைத் தொடறது நீ ஒருத்திதான். ஊருக்குப் போற அவசரத்துல எதையோ அமுக்கிட்டுப் போயிருக்க." அவள், "நான் போறப்ப எல்லாம் இருந்துச்சு சார்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழித்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை. "நாளைலேர்ந்து நீ வர வேணாம்" என்றார். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இன்றோடு மூன்று நாள். எத்தனையோ மேடையில் தினக்கூலிக்காரருக்காகப் பேசியிருக்கிறேன். என்ன செய்வது என்று எழுது.

ஜவஹர்


மயிலாப்பூர்,
15-4-1996

ஜவஹர்,

என்ன செய்வது என்று உனக்குத் தெரியும். நான் சொன்னால்தான் செய்வாய் என்றால், போய்ச் சொல். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து போ.

தப்பாக எழுதியது நான். அது உன் தலையில் மட்டும் விழ வேண்டாம். 'ஏழாவது, எட்டாவது வரிகளை மாற்றி எழுதிக் கொடுத்தவன் நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அந்த அசல் தாளையும் சேர்த்து, இங்கே எங்கள் மேனேஜரிடம் இன்று காலை கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டுத் தாளை மேஜை டிராயரில் வைத்தார். "போங்க, கூப்பிடறேன்" என்றார்.

தங்கபுஷ்பத்திடம் சொன்னேன். "செங்குன்றத்துக்கு டிபன் எத்தனை மணிக்குக் கட்டணும்?" என்று மட்டும் கேட்டாள்.

உன்மேல் கோபமாக இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது. பதினேழு மாதம் உன்னை நினைத்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். நீ என்னைவிடக் கெட்டிக்காரன் என்று நினைத்து ராத்திரி தூக்கம் கெட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் வீட்டுக்கும் போ. மேனேஜரிடம் சொன்னால் மட்டும் போதாது.

கோதண்டபாணி


திருச்சி,
27-4-1996

கோதண்டம்,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே. மேனேஜர் அறையில் மட்டும் சொல்லவில்லை. டீ நேரத்தில் எல்லாரும் இருந்தபோது சொன்னேன். பேச்சு எனக்குப் பழக்கம்தானே, ஆனால் நாலு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. "மார்ச் பதிவை அழிச்சது நான். வர்ஷினி இல்ல. எனக்கு இந்த மெஷின் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உக்காந்திருந்தேன்." யாரும் சிரிக்கவில்லை. கேஷியர் மெதுவாக, "சார், எனக்கும் பாதிதான் தெரியும்" என்றார்.

பிறகு உறையூரில் அவள் வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். அவள் அப்பா உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். அவள் உள்ளே இருந்து வந்து, "சரக்கு வந்த சலான் கட்டெல்லாம் இருக்கா சார்?" என்றாள். இருக்கிறது என்றேன். "அப்ப திரும்ப ஏத்திடலாம்" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

மேனேஜர் அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார். ஒன்பது நாளாக நான் சலானைப் படிக்கிறேன், அவள் தட்டுகிறாள். நான் 'எதற்கு?' என்று கேட்கிறேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறாள். சில கேள்விக்கு அவளுக்கும் தெரியவில்லை.

மேற்பார்வையாளர் பதவியை எடுத்துவிட்டார்கள். பழையபடி குமாஸ்தா. உன் விஷயம் என்ன ஆயிற்று?

ஜவஹர்


மயிலாப்பூர்,
22-5-1996

அன்புள்ள ஜவஹர்,

உனக்கு எப்படி எழுதுவது என்று ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் மேனேஜர் இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். கிடங்கு உத்தரவு என்று நினைத்துக்கொண்டு போனேன். கம்ப்யூட்டர் அறைக்கு அழைத்துப் போய் உட்காரச் சொன்னார். "உங்க தாள்ல என்ன தப்புனு செஞ்சு காட்டுங்க" என்றார். பயிற்சி ஃபிளாப்பியில் செய்து காட்டினேன். முதலில் நகல், பிறகு முடிப்பது. ஏன் அப்படி என்று எங்கள் ரெஜிஸ்டர் கணக்கிலேயே சொன்னேன். நிதானமாகத்தான் தட்டினேன். அவர் அவசரப்படுத்தவில்லை. "இதுதான் பரீட்சை, தேறிட்டீங்க" என்றார். நம்பாமல் உட்கார்ந்திருந்தேன். வஜீஹாவும் போன வாரம் தேறிவிட்டாள். இப்போது காலை ஏழரைக்கு அறையைத் திறந்து வைக்கும்படி ஆபீசே வெள்ளைச்சாமிக்கு உத்தரவு போட்டிருக்கிறது. எட்டுப் பேர் வருகிறார்கள்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமான பகுதி. ஒரு வாரத்துக்கு முன்னால் எனக்கு உத்தரவு வந்தது. திருச்சி கிளை, கம்ப்யூட்டர் பிரிவு மேற்பார்வையாளர். ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும். உன் நாற்காலி.

இந்த வேலைக்குப் போனாய் என்றுதான் உன்னோடு பேசாமல் இருந்தேன். வாங்கிக்கொண்டால் நான் யார்? மறுத்தால் செங்குன்றம் என்று சூசகமாகச் சொல்லிவிட்டார்கள். மதுமதி பிளஸ் டூ போகிறாள், தங்கபுஷ்பம் இங்கேதான் இருக்க வேண்டும். தனியாகத்தான் வருவேன். சந்தோஷப்பட வயதும் இல்லை, தெம்பும் இல்லை.

வரட்டுமா, வேண்டாமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

கோதண்டம்


திருச்சி,
30-5-1996

அன்புள்ள கோதண்டம்,

ஒரு தடவை நான் சொன்னபடி செய்து நாலு வருடத்தைத் தொலைத்தாய். இந்தத் தடவை என்னைக் கேட்காதே. நீயே முடிவு செய். நீ வந்தால் எனக்கு நல்லது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

நேற்று மே மாத ஸ்டாக்கை முன்கூட்டியே ஒத்திகை பார்த்தோம். நான் தட்டினேன், வர்ஷினி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கை கட்டிக்கொண்டு. மத்தியானம் முழுவதும் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை தப்பாகப் போய் முதலிலிருந்து வந்தேன். முடித்தபோது மணி ஐந்தரை. அவள், "அடுத்த மாசம் நாலு மணிக்குள்ள முடிச்சிடுவீங்க" என்றாள். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. நிர்வாகத்துக்கு அவளை நிரந்தரமாக்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். நீ வந்தால் நீயும் கையெழுத்துப் போட வேண்டும்.

நாற்காலியைப் பற்றி நீ வருத்தப்பட வேண்டாம். நான் இப்போது ஜன்னல் ஓரத்தில், வருகிற சலானை அடுக்கும் மேஜையில் உட்கார்கிறேன். இங்கே புதிதாக வருகிறவர்கள் எதையாவது கேட்டால், "எனக்குத் தெரியாது, வா, கேட்டுப் பார்ப்போம்" என்கிறேன். முதல் நாள் அந்த வார்த்தை லேசில் வரவில்லை. இப்போது வருகிறது.

ஓய்வு பெற எனக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது, கோதண்டம். ஆறு வருடம் தெரிந்தவன்போல உட்கார்ந்திருக்க என் உடம்பில் தெம்பில்லை. தெரியாதவனாகவே உட்கார்ந்திருக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது முன்னைவிடக் களைப்புக் குறைவாக இருக்கிறது.

ஜவஹர்